எடைக்கு அடியில் ஒரு மூச்சு

அல்சூர் பஜார் தெருவில் வீடு. எம்.ஜி. ரோட்டில் வேலை. வயது இருபத்தாறு, எடை 52 கிலோ. இப்படி ஒரு பெண் ஜியு-ஜித்சு கற்றுக்கொள்ளச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரில் இந்தக் கலையைச் சொல்லித்தரும் கூடங்கள் இன்று பல பேட்டைகளில் இருக்கின்றன. தரை முழுக்க மெத்தென்ற விரிப்பு, வாசலோரம் வரிசையாகக் கழற்றிவிட்ட செருப்புகள், கூடவே வியர்வை வாடை. முதல் வாரத்திலேயே அவரை மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். 80 கிலோ எடையுள்ள ஓர் ஆண், அவருடைய இடுப்புக்கு இரு பக்கமும் முழங்கால் ஊன்றி, வயிற்றின் மேல் உட்காருவார். பயிற்சியாளர் சொல்வது ஒரே வார்த்தை: “எந்திரிங்க.”

அவர் செய்வது, அந்த இடத்தில் யாரும் செய்வதுதான். இரண்டு கைகளையும் நீட்டி, மேலே இருப்பவரின் மார்பைத் தள்ளுவார். அரை நிமிடம் தள்ளுவார். கை நடுங்கும், முகம் சிவக்கும், மூச்சு வாங்கும். மேலே இருப்பவர் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்க மாட்டார்.

அந்த அரை நிமிடத்தில் என்ன நடந்தது என்று பிரித்துப் பார்த்தால் இந்தக் கலையின் பாதி புரிந்துவிடும். கையால் தள்ளும்போது உழைப்பது மார்புத் தசையும் மேற்கையின் பின்பக்கத் தசையும். 52 கிலோ எடையுள்ள, எடைப்பயிற்சி எதுவும் செய்யாத ஒருவருக்கு அவை 80 கிலோவைத் தூக்கப் போதாது. மனித உடலின் மிகப்பெரிய தசை இருப்பது புட்டத்தில். மாடிப்படி ஏறுவதும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதும் அதன் பலத்தில்தான். நாள் முழுக்க நம் உடலைச் சுமந்து பழகிய தசை அது. மல்லாந்து கிடப்பவர் இரண்டு பாதங்களையும் புட்டத்தருகே இழுத்து ஊன்றி, இடுப்பை மேலே எக்கினால், மேலே இருக்கும் 80 கிலோவும் ஆடிப்போகும்.

ஆடும், ஆனால் விழாது. மேலே இருப்பவர் சட்டென்று இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக்கொள்வார். இரண்டு முழங்கால், இரண்டு கை. நாலு கால் மேசை மாதிரி. ஒரு பொருள் நிற்பதும் சாய்வதும், அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அது ஊன்றியிருக்கும் பரப்புக்குள் விழுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. மேசையை எவ்வளவு உலுக்கினாலும் அந்தக் கோடு நாலு கால்களுக்கு நடுவில்தான் இறங்கும். ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் பிடுங்கிவிட்டால் கதை வேறு.

பயிற்சியாளர் காட்டித்தருவது இதைத்தான். மேலே இருப்பவரின் வலது கையை இழுத்து உங்கள் மார்போடு அணைத்துப் பிடியுங்கள். உங்கள் இடது பாதத்தை அவருடைய வலது பாதத்துக்கு வெளியே கொண்டுபோய் மறித்து வையுங்கள். அந்தப் பக்கம் இப்போது அவருக்கு ஊன்றக் கையும் இல்லை, காலும் இல்லை. இனி இடுப்பை எக்க வேண்டும்; நேர் மேலே எக்காமல், இடது தோளுக்கு மேலாக, ஒரு மூலையைப் பார்த்து. ஈர்ப்பு மையம் பரப்பைத் தாண்டுகிறது. மிச்ச வேலையை எதிராளியின் எடையே செய்துவிடுகிறது. 80 கிலோவும் பக்கவாட்டில் உருண்டு கீழே போக, 52 கிலோ மேலே வருகிறது. முதன்முறை இது நடக்கும்போது கற்றுக்கொள்பவர் முகத்தில் தெரியும் வியப்பு, பார்க்க வேண்டிய ஒன்று.

‘ஜியு’ என்ற ஜப்பானியச் சொல்லுக்கு மென்மை, வளைந்துகொடுத்தல் என்று பொருள். ‘ஜித்சு’ என்றால் வித்தை. சாமுராய்கள் ஆயுதம் கைநழுவிய நேரத்தில் உயிர் காத்துக்கொள்ளப் பழகிய பிடிகள், பூட்டுகள், எறிதல்கள் எல்லாம் சேர்ந்த பொதுப்பெயர் அது. ஒவ்வொரு பரம்பரைக்கும் தனிப் பள்ளி, தனி ரகசியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாமுராய் வகுப்பே இல்லாமல் போனபோது இந்தப் பள்ளிகளும் நலிந்தன. அப்போது டோக்கியோவில் படித்துக்கொண்டிருந்த ஜிகோரோ கானோ என்ற மெலிந்த, குள்ளமான மாணவர், விடுதியில் முரடர்களிடம் பட்ட அவமானம் தாங்காமல் இந்தக் கலையைத் தேடிப் போனார். 1882-ல் எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த ஓர் அறையில் சொந்தப் பள்ளி தொடங்கினார். ஜூடோ பிறந்தது அங்கேதான்.

கானோ புதிதாகக் கண்டுபிடித்த பிடிகள் அதிகமில்லை. அவர் மாற்றியது, பழகும் முறையை. பழைய பள்ளிகள் பலவற்றில் வித்தை என்பது ஒத்திகை பார்த்த சண்டை: நீ இப்படிப் பிடிப்பாய், நான் இப்படித் திருப்புவேன், நீ விழுவாய். விழுகிறவன் விழ ஒப்புக்கொண்டவன். கானோ, உயிருக்கும் கண்ணுக்கும் ஆபத்தான அடிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, மீதியுள்ளவற்றை முழு பலத்தோடு ஒருவர்மேல் ஒருவர் முயன்று பார்க்கும் பயிற்சியை நடுவில் வைத்தார். அதன் பெயர் ரந்தோரி. எதிரே இருப்பவர் உண்மையாகவே எதிர்க்கிறார். உண்மையாகவே விழ மறுக்கிறார். ஆபத்தான வித்தைகளைக் கழித்ததால் கலை பலவீனமாகியிருக்க வேண்டும் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. கண்ணில் குத்தும் வித்தையை ஒருவர் ஆயிரம் முறை காற்றில் பழகலாம். ஓர் ஆளின்மேல் ஒரு முறைகூடப் பழக முடியாது. கைப்பூட்டை ஆயிரம் முறை, எதிர்க்கும் ஆளின்மேலேயே பழகலாம்.

தற்காப்பு கற்றுக்கொள்ள நினைப்பவர் கூடம் தேடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதில்தான் இருக்கிறது: இங்கே எதிராளி எதிர்ப்பாரா?

கானோவின் மாணவர் மிட்சுயோ மயேடா ஊர் ஊராகச் சென்று மல்யுத்தம் செய்து, 1914-ல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். பெலெம் நகரில் தங்கிவிட்டார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி என்ற இளைஞர் தன் தம்பிகளுக்கும் அதைக் கொண்டுசேர்த்தார். தம்பிகளில் நோஞ்சானான ஹீலியோ, பலம் தேவைப்படும் எறிதல்களை விட்டுவிட்டு, தரையில் மல்லாந்து கிடந்தபடியே கால்களால் எதிராளியைத் தடுத்து ஆளும் வித்தையைப் பெருக்கினார் என்று அந்தக் குடும்பம் சொல்லும். பிரேசில் ஜியு-ஜித்சு என்று இன்று உலகம் முழுக்கப் பரவியிருப்பது இதுதான். 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில் ஹீலியோவின் மகன் ராய்ஸ், சுமார் 80 கிலோ எடையோடு, தன்னைவிடக் கனமானவர்கள் உட்பட மூன்று பேரை ஒரே இரவில் பணிய வைத்தார். அன்றிலிருந்துதான் தரைப் பிடிகளை உலகம் மரியாதையோடு பார்க்கத் தொடங்கியது.

இதெல்லாம் கடல் தாண்டி வந்த சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். புறநானூற்றின் 80-ஆம் பாட்டில் சாத்தந்தையார், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற காட்சியைக் காட்டுகிறார். ஒரு கால் எதிராளியின் மார்பை அழுத்துகிறது; மறு கால் அவனுடைய சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப் பக்கம் வளைகிறது. இன்றைக்கு ஜியு-ஜித்சு கூடத்தில் ஒருவர் அதைப் படித்தால், கால் எங்கே இருக்கிறது என்று உடனே கண்டுகொள்வார். கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய மானசோல்லாசத்தில், மல்லர்களை வகை பிரித்து, அவர்கள் உண்ண வேண்டியதையும் பழக வேண்டியதையும் சொல்லும் பகுதி ஒன்று இருக்கிறது. மைசூரு தசராவில் ஜெட்டி மல்லர்கள் மோதும் வஜ்ரமுஷ்டிப் போட்டி இன்றும் நடக்கிறது. முதல் துளி ரத்தம் கண்டதும் போட்டி முடியும். தமிழ்நாட்டில் குத்துவரிசை ஆசான்கள் ‘பிடி’, ‘பூட்டு’, ‘பிரிவு’ என்று பெயரிட்டுச் சொல்லித்தருவதும் இதே குடும்பத்துச் சொற்கள்தான்.

ஜப்பானியக் கலை நேராக இந்தியா வந்த வழியும் ஒன்று உண்டு. ரவீந்திரநாத் தாகூர் 1905-லேயே ஜின்னோசுகே சானோ என்ற ஆசிரியரைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். பிறகு 1929-ல் ஷின்சோ தகாகாகி வந்தார். அவரிடம் பெண்களும் கற்றார்கள். சேலை உடுத்திய பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதே பேச்சுப்பொருளாக இருந்த காலத்தில், ஒரு கவிஞர் அவர்களுக்குத் தற்காப்புக் கலையைக் கற்றுத்தர வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்கு முன்பே லண்டனில், நான்கடி பதினோரங்குல உயரமுள்ள எடித் கேரட் என்ற பெண்மணி, வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களின் மெய்க்காவல் குழுவுக்கு ஜியு-ஜித்சு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

சரி, மெத்தைக்குத் திரும்புவோம். முதல் வாரம் அந்தப் பெண் கையை நீட்டித் தள்ளினார் அல்லவா? அதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. நீட்டிய கை, எதிராளிக்குக் கொடுத்த கை. அதை இரண்டு தொடைகளுக்கு நடுவே சிக்கவைத்து, முழங்கை மூட்டை இடுப்பின் மேல் வைத்து, மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் அது ஆர்ம்பார். தமிழில் கைப்பூட்டு என்று சொல்லலாம்.

இது கடப்பாரைக் கணக்கு. கல்லைப் பெயர்க்கும்போது கடப்பாரைக்கு அடியில் ஒரு சின்னக் கல்லை அண்டை கொடுக்கிறோம். அந்த அண்டைக் கல்தான் இங்கே இடுப்பு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஏறக்குறைய 25 செ.மீ. என்று கொள்வோம். கையை மடக்கும் முக்கியத் தசை, மூட்டிலிருந்து சுமார் 4 செ.மீ. தள்ளித்தான் எலும்பில் ஒட்டியிருக்கிறது. மணிக்கட்டில் 20 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு விசையோ அவ்வளவு கொடுத்து இழுத்தால், அதை எதிர்க்கத் தசை கொடுக்க வேண்டியது அதைப்போல ஆறே கால் மடங்கு, அதாவது 125 கிலோ எடைக்குச் சமமான விசை. கை முழுக்க நீண்டுவிட்டால் தசைக்குக் கிடைக்கும் நெம்புகோல் தூரம் இன்னும் சுருங்கும். கணக்கு இன்னும் மோசமாகும். இழுக்கிறவரோ கையால் இழுக்கவில்லை. முதுகு, தொடை, புட்டம் எல்லாம் சேர்ந்து இழுக்கின்றன. ஒருவருடைய முழு உடம்புக்கு எதிரே இன்னொருவருடைய ஒற்றைக் கைத்தசை. எளியவர் வலியவரை வெல்வதில் மாயம் எதுவும் இல்லை. சண்டையில் கலந்துகொள்ளும் தசைகளின் எண்ணிக்கையை மாற்றிவிடுகிறார், அவ்வளவுதான்.

கழுத்துப்பூட்டு இன்னொரு வகை. அதைப் பலர் மூச்சை அடைப்பது என்று நினைக்கிறார்கள். சரியாகப் போடும் பூட்டில் மூச்சுக்குழல் தொடப்படுவதே இல்லை. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள்தான் அமுக்கப்படுகின்றன. மூளை, உடல் எடையில் 2 சதவீதம். ஆக்சிஜன் செலவில் 20 சதவீதம். சேமித்து வைத்துக்கொள்ள அதற்கு இடமில்லை. 1943-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கழுத்தைச் சுற்றிக் காற்றடைத்த பட்டை கட்டி, மூளைக்குப் போகும் ரத்தத்தைத் திடீரென நிறுத்திப் பார்த்தார்கள். சராசரியாக ஏழு நொடிக்குள் நினைவு தப்பியது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அப்படியொரு சோதனைக்கு அனுமதி தராது. அந்த ஏழு நொடியை மெத்தையில் இறங்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விட்டவுடன் சில நொடிகளில் நினைவு திரும்பிவிடும். விடாமல் பிடித்தால் நிமிடக் கணக்கில் மூளை சாகத் தொடங்கும். தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களும் உண்டு. வீட்டில் தம்பிமேல், தோழிமேல் முயன்று பார்க்கிற காரியமே இல்லை.

அதனால்தான் கூடத்தில் முதல் நாள் கற்றுத்தருவது தாக்குவதை அல்ல, தட்டுவதை. எதிராளியின் உடம்பிலோ மெத்தையிலோ இரண்டு முறை தட்டினால், அந்தக் கணமே பிடியை விட்டுவிட வேண்டும். இந்த ஒரு விதி இருப்பதால்தான் கானோ கனவு கண்ட முழு எதிர்ப்புப் பயிற்சி நடக்கிறது. அந்நியர் ஒருவரிடம் கழுத்தைக் கொடுத்து, தட்டினால் விடுவார் என்று நம்பி, மறுநாளும் அதே இடத்துக்கு வருவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

இப்போது இந்த விஷயத்தின் மையத்துக்கு வரலாம். தெருவில், வீட்டில், அலுவலக லிஃப்டில் ஒருவர் தாக்கப்படும்போது முதலில் தோற்பது தசை அல்ல. கோழியைப் பிடித்து மல்லாக்கப் படுக்கவைத்து லேசாக அழுத்தினால் விறைத்துப்போய் அசையாமல் கிடக்கும். கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். தப்ப வழியில்லை என்று உடல் முடிவு கட்டும்போது மூளையின் பழைய பகுதிகள் பல விலங்குகளுக்கு அந்த விறைப்பைக் கொடுக்கின்றன. மனிதர்களுக்கும்தான். ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்குப் பின் அவசர மருத்துவமனைக்கு வந்த 298 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. 70 சதவீதத்தினர் குறிப்பிடத்தக்க அளவு விறைத்துப்போனதாகச் சொன்னார்கள். 48 சதவீதத்தினருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. “ஏன் கத்தவில்லை? ஏன் தள்ளிவிடவில்லை?” என்று கேட்கும் ஊருக்கு இந்த எண்கள்தான் பதில். கத்த நினைத்தார்கள், உடல் கேட்கவில்லை. உடலால் எதிர்க்காததையே சம்மதமாகக் கொள்ளக்கூடாது என்று இந்தியச் சட்டமும் தெளிவாகச் சொல்கிறது.

எடைக்கு அடியில் கிடந்து பழகும் பயிற்சி, இந்த இடத்தில்தான் மற்ற கலைகளிலிருந்து வேறுபட்டு நிற்கிறது. புதிதாக வந்தவருக்கு முதல் சில வாரங்கள் மூச்சுதான் பெரிய எதிரி. மார்பில் எடை இறங்கியதும் உடல் பதறி, மேலோட்டமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குகிறது. இரண்டு நிமிடத்தில் களைப்பு. யாரோ ஒருவர் சொல்லித்தருவார்: கொஞ்சம் ஒருக்களித்துத் திரும்புங்கள், விலா எலும்புகளுக்கு இடம் கிடைக்கும். முன்கையை எதிராளியின் கழுத்துக்கும் இடுப்புக்கும் குறுக்கே எலும்பாக நிறுத்துங்கள். பந்தற்கால் நேராக நின்றால் கூரையின் எடையைத் தானே தாங்கும். சாய்ந்தால்தான் கயிறு கட்டி இழுக்க வேண்டும். எலும்பு தாங்கும்போது தசைக்கு ஓய்வு. அப்புறம் மூக்கு வழியாக மெதுவாக ஒரு மூச்சு. இப்படி நூறு முறை, இருநூறு முறை. அந்நிய உடலின் எடை என்பது உலகம் முடிந்துபோகும் சங்கதி இல்லை, தீர்வு உள்ள ஒரு கணக்கு என்று உடல் மெல்ல ஒத்துக்கொள்கிறது.

இது உண்மையிலேயே ஆபத்து நேரத்தில் கைகொடுக்கிறதா? தற்காப்புப் பயிற்சி பற்றி நடந்த ஆய்வுகளில் முக்கியமான ஒன்று, கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் சார்லீன் சென் தலைமையில் நடந்தது. 2015-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. 893 முதலாண்டு மாணவிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி; மறு பாதிக்கு வழக்கமான துண்டறிக்கை. ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் துண்டறிக்கைக் குழுவில் 9.8 சதவீதம், பயிற்சிக் குழுவில் 5.2 சதவீதம். நைரோபியின் ஏழைக் குடியிருப்புகளில் வளரிளம் பெண்களுக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்த ஆய்வு 2013-ல் வெளியானது; அதில் ஆண்டுக்கு 24.6 சதவீதமாக இருந்த பாலியல் தாக்குதல் 9.2 சதவீதமாகக் குறைந்தது.

இந்த இரண்டிலும் கற்றுத்தந்தது ஜியு-ஜித்சு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கனடாப் பயிற்சியில் உடலால் எதிர்ப்பதற்கு ஒதுக்கியது சுமார் இரண்டு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் ஆபத்தை எப்படி முன்கூட்டி உணர்வது, தெரிந்தவர் ஒருவர் எல்லை மீறும்போது மனத்தில் எழும் தயக்கத்தை எப்படித் தாண்டுவது, எப்படிக் கத்துவது என்பதற்கே. அந்தத் தயக்கம் நம்மூரில் இன்னும் கனமானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில், பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர். மாமா, பக்கத்து வீட்டுக்காரர், மேலதிகாரி. அவர் மூக்கில் குத்த வேண்டும் என்று நினைக்கும்போதே வீடு, உறவு, ஊர்ப் பேச்சு எல்லாம் கையைப் பிடித்து இழுக்கும். குத்தாமலே கையை விடுவித்துக்கொண்டு எழத் தெரிந்தவருக்கு அந்தத் தயக்கம் கொஞ்சம் குறையும். பிடித்த பிடியிலிருந்து கட்டைவிரல் பக்கமாகக் கையை உருவுவதும், அணைத்த கைக்குள்ளிருந்து இடுப்பைத் தாழ்த்தி விலகுவதும் யாரையும் காயப்படுத்தாது. ஜியு-ஜித்சுவில் விசையைப் படிப்படியாக ஏற்றலாம், இறக்கலாம். குத்தில் அந்த வசதி இல்லை.

சட்டமும் அந்த அளவைத்தான் பார்க்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக்கூடாது என்கிறது 37-ஆம் பிரிவு. வன்புணர்வு, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற தாக்குதல்களில் இந்த உரிமை எதிராளியின் உயிரைப் பறிக்கும் வரை நீளும் என்கிறது 38-ஆம் பிரிவு. கர்நாடக அரசு பள்ளி மாணவிகளுக்கான தற்காப்புப் பயிற்சிக்கு ஓபவ்வாவின் பெயரை வைத்திருப்பது பொருத்தம்தான். சித்ரதுர்கா கோட்டைக்குள் ரகசிய வழியாக நுழைந்த ஹைதர் அலியின் வீரர்களை உலக்கையால் எதிர்கொண்ட பெண் அவர். கையில் இருந்தது எதுவோ, தினமும் தூக்கிப் பழகியது எதுவோ, அதுவே ஆயுதமாயிற்று.

இனி, இந்தக் கலை கைவிடும் இடங்கள். அல்சூரிலிருந்து மெட்ரோ ஏறினால் டிரினிட்டி, அடுத்தது எம்.ஜி. ரோடு. 2016 டிசம்பர் 31 இரவு அந்தச் சாலையிலும் பிரிகேட் ரோட்டிலும் புத்தாண்டுக் கூட்டத்தில் பெண்கள் அத்துமீறலுக்கு ஆளான செய்தி நாடு முழுவதையும் அதிரவைத்தது. அந்த மாதிரிக் கூட்டத்தில் ஒருவரைக் கைப்பூட்டில் பிடிக்கத் தரையில் படுப்பது தற்கொலைக்குச் சமம். பூட்டு ஒருவரைத்தான் பிடிக்கும். மற்றவர்களின் கால்கள் சும்மா இருக்காது. கத்தி இருந்தாலும் அப்படியே. மெத்தையில் வலிக்காத உருளல் பஜார் தெருவின் கருங்கல் நடைபாதையில் பின்மண்டையை உடைக்கும். “சண்டைகளில் தொண்ணூறு சதவீதம் தரையில்தான் முடியும்” என்று கூடங்களில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கும் நம்பத்தக்கதல்ல. அதன் வேர், லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை 1988-ஆம் ஆண்டின் கைது மோதல்களை ஆராய்ந்த அறிக்கை. அதில் இருந்தது 62 சதவீதம். அதுவும் போலீஸ்காரர்கள் விலங்கு மாட்டுவதற்காக ஆளைத் தரைக்குக் கொண்டுபோனது. தப்பித்து ஓட நினைப்பவரின் கதை அதில் இல்லை.

எடையும் ஒரேயடியாகப் பொருட்டில்லாமல் போய்விடாது. 1951 அக்டோபர் 23 அன்று ரியோவின் மரக்கானா மைதானத்தில், ஹீலியோ கிரேசியை ஜப்பானின் மசாஹிகோ கிமுரா எதிர்கொண்டார். கிமுரா கனத்தவர், வித்தையிலும் குறையாதவர். அவர் போட்ட பூட்டில் ஹீலியோவின் கை முறிந்தது. ஹீலியோ தட்டவில்லை, அவர் பக்கத்து ஆட்கள்தான் துண்டை வீசி நிறுத்தினார்கள். அந்தப் பூட்டுக்கு இன்றும் பெயர் கிமுரா. வித்தை தெரியாத பெரிய உடலைத்தான் வித்தை தெரிந்த சின்ன உடல் வெல்லும். நல்லவேளையாகத் தெருவில் தாக்குபவர்களில் பெரும்பாலோர் வித்தை தெரியாதவர்கள்.

எனவே தற்காப்புக்காக வருபவர் கற்க வேண்டிய வரிசையே வேறு. போட்டிக்காரர்கள் ஆசைப்படும் அலங்காரப் பூட்டுகள் பின்னால் வரட்டும். முதலில் விழக் கற்க வேண்டும்: தாடையை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து, மண்டை தரையில் படாமல். பிறகு, எடைக்கு அடியிலிருந்து இடுப்பை நெளித்து விலகுவது. பிறகு, எழுவது. வித்தைகளின் எண்ணிக்கையும் குறைவாக இருப்பது நல்லது. தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் கூடக்கூட மனிதர் பதில்வினை காட்டும் நேரமும் கூடுகிறது என்று 1952-லேயே வில்லியம் ஹிக் அளந்து காட்டினார். இருபது பிடிகளை அரைகுறையாகத் தெரிந்தவர் எதை எடுப்பது என்று யோசிக்கும் கணத்தில், நாலு பிடிகளை நன்றாகத் தெரிந்தவர் வாசலைத் தாண்டியிருப்பார். அந்த நாலையும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்பச் செய்யாமல் கலைத்துப் போட்டுப் பழகினால் அப்போதைக்குத் தடுமாற்றம் அதிகம், நாளைக்கு நினைவில் நிற்பதும் அதிகம். 1979-ல் ஷே, மார்கன் இருவரும் செய்த சோதனை அதைத்தான் சொல்லியது. சண்டை ஒருபோதும் பாட வரிசைப்படி வருவதில்லை என்பதால் இது கூடத்துக்கு ரொம்பவே பொருந்தும்.

எழுவதிலும் ஒரு கணக்கு உண்டு. நாம் வழக்கமாகத் தரையிலிருந்து எழும்போது இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, குனிந்து, தலையை எதிராளிக்குக் கொடுத்து எழுகிறோம். ஜியு-ஜித்சு எழுதல் அப்படி இல்லை. ஒரு கையைப் பின்னால் ஊன்றி, எதிர்ப்பக்கப் பாதத்தைத் தரையில் ஊன்றி, மறு கையால் முகத்தை மறைத்து, இடுப்பை உயர்த்தி, மறு காலைத் தனக்கு அடியிலேயே பின்னுக்கு இழுத்துக்கொண்டு நிற்பது. கண் கடைசிவரை எதிராளி மேலேயே இருக்கும். நின்றதும் தூரம் கிடைத்திருக்கும். அதற்கப்புறம் ஓட வேண்டும். ஓடியபடி 112-ஐ அழைக்க வேண்டும்.

நாலு மாதம் ஆகிறது. பஜார் தெருப் பெண் இன்றைக்கு மறுபடியும் கீழே. மேலே அதே 80 கிலோ. கூடத்து ஜன்னல் வழியாக அல்சூர் மெட்ரோ போகும் சத்தம். கையை நீட்டவில்லை, முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கின்றன. எதிராளியின் வலது கை மார்போடு அணைத்தபடி, அவருடைய வலது பாதம் மறித்தபடி. எக்குகிறார். ஆடுகிறது, விழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி குனிந்து சொல்கிறாள்:

“அக்கா, நேரா மேல தூக்குறீங்க. தோளுக்கு மேல, அந்த மூலையைப் பாருங்க.”

மேலே இருப்பவர் சிரித்துக்கொண்டே, “எடையைக் குறைக்கட்டுமாம்மா?” என்கிறார்.

“வேணாம்ணா. அப்படியே இருங்க.”

மூக்கு வழியாக ஒரு மூச்சு. பாதங்கள் இன்னும் கொஞ்சம் புட்டத்தருகே நகர்கின்றன. கண் மூலைக்குப் போகிறது.